கண்ணியத்தின் மறுபெயர் காயிதே மில்லத்



சென்னை அண்ணா சாலை வழியாக நீங்கள் சென்றிருந்தால், மகளிருக்கான காயிதே மில்லத் அரசு கலைக் கல்லூரியின் பெயர்ப் பலகையைப் பார்த்திருப்பீர்கள். திருவல்லிக்கேணிப் பக்கம் திரும்பினால், முன்பு டிரிப்ளிகேன் ஹைரோடு என்று வழங்கிய வீதிக்கும் அதே பெயர்தான். நாகப்பட்டினம் மாவட்டம் 1991-இல் உருவானபோது சில ஆண்டுகள் அதற்கும் அந்தப் பெயர் இருந்தது. 1997-இல் மாவட்டங்களுக்குச் சூட்டப்பட்டிருந்த தலைவர்களின் பெயர்கள் அனைத்தும் நீக்கப்பட்டபோது இதுவும் சேர்ந்தே போயிற்று.

எங்கள் குடும்பத்துப் பெண் ஒருத்தி பட்டப் படிப்பில் சேருவதற்காக ஊரிலிருந்து வந்திருந்தாள். அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு, "இவர் எந்த ஊர் நவாப், பெரியத்தா?" என்று கேட்டாள். நான் சிரித்துவிட்டேன். ஆனால் அன்று இரவு நெடுநேரம் எனக்கு உறக்கம் வரவில்லை. அவளைக் குறை சொல்லி என்ன பயன்? ஆண்டுதோறும் ஏப்ரல் 5-ஆம் நாள் வந்தால் கூட்டம் போடுகிறோம். 'கண்ணியத்திற்குரிய' என்று தொடங்கி அடைமொழிகளை அடுக்குகிறோம். பிரியாணிப் பொட்டலத்தோடு கலைந்து விடுகிறோம். அம்மனிதர் என்ன செய்தார், எந்தச் சபையில் எதற்காக எழுந்து நின்றார், எங்கே தோற்றார் என்பதை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லவில்லை. அவளுக்குச் சொன்னதையே இங்கு உங்களுக்கும் சொல்கிறேன்.

'காயிதே மில்லத்' என்பது பெயரன்று, பட்டம். சமுதாயத்தின் வழிகாட்டி என்று அதற்குப் பொருள். அதற்கு உரியவரின் பெயர் முஹம்மது இஸ்மாயில். நவாபுமல்லர், வடநாட்டவருமல்லர். திருநெல்வேலிக்கு அடுத்த பேட்டையில் 1896-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் நாள் பிறந்தவர். தந்தையார் மியாகான் ராவுத்தர். நம்மில் பலரைப் போலத் தாய்மொழி தமிழ். இளமையிலேயே தந்தையாரை இழந்த அவர்களை வளர்த்து, மார்க்க அறிவையும் ஊட்டியவர் தாயார்தாம். 1909-இல், பதின்மூன்று வயதுப் பிள்ளையாக இருக்கும்போதே பேட்டையில் முஸ்லிம் இளைஞர் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள் என்று வரலாறு கூறுகிறது. அந்த வயதில் நாம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது.

நெல்லையிலும், திருச்சி தூய வளனார் கல்லூரியிலும், பின்னர் சென்னையிலும் கல்வி. 1920-இல் ஒத்துழையாமை இயக்கத்தின் அழைப்பு வந்தது. பி.ஏ. தேர்வை எழுதாமலேயே வெளியேறி விட்டார்கள். அக்காலத்தில் ஒரு பட்டம் என்பது அரசு உத்தியோகத்திற்கான திறவுகோல். குடும்பத்தின் நம்பிக்கை முழுவதும் அதில்தான் தொங்கிக்கொண்டிருக்கும். அதை விட்டுவிட்டு வந்த இளைஞரைச் சென்னைத் தோல் வணிகம் ஏற்றுக்கொண்டது. வள்ளல் ஜமால் முஹம்மது சாஹிப் அவர்களின் நிறுவனத்தோடு தொடர்பு ஏற்பட்டது. வணிகர் சங்கங்களில் பொறுப்புகள் வந்தன. கணக்கில் நேர்மை, பேச்சில் சுருக்கம், கோபம் வந்தாலும் குரல் உயராமை என்று பிற்காலத்தில் அரசியலில் அவர்களிடம் கண்டு வியந்த குணங்கள் யாவும் தோல் மண்டியில் பழகியவையோ என்று எனக்கு ஓர் ஐயம் உண்டு.

1946 தேர்தலுக்குப் பின் சென்னைச் சட்டமன்றத்தில் காங்கிரஸுக்கு அடுத்த பெரிய கட்சியாக முஸ்லிம் லீக் அமர்ந்தது. எதிர்க்கட்சித் தலைவராக இஸ்மாயில் சாஹிப் அவர்கள் அமர்ந்தார்கள். அடுத்த ஆண்டே நாடு பிரிந்தது.

வாசகர்களே, இந்த இடத்தில் சற்று நிதானித்து நில்லுங்கள். நம் பிள்ளைகள் அறிய வேண்டிய பகுதி இதுதான்.

1947 டிசம்பரில் அகில இந்திய முஸ்லிம் லீகின் கவுன்சில் கராச்சியில் கூடியது. இரு நாடுகளுக்கும் இரு தனி அமைப்புகள் என்று முடிவாயிற்று. பாகிஸ்தான் பகுதிக்கு லியாகத் அலி கான் அமைப்பாளர். இந்தியப் பகுதிக்கு முஹம்மது இஸ்மாயில். அவருக்குக் கிடைத்தது ஒரு நாட்டின் அரசாங்கம். இவருக்குக் கிடைத்தது என்ன? தலைவர்களில் பலர் எல்லை தாண்டிப் போய்விட்ட ஒரு கட்சியின் எஞ்சிய பகுதி. அதன் பெயரைச் சொன்னாலே ஐயத்தோடு பார்க்கும் ஒரு நாடு. பயந்துபோய்க் கதவடைத்துக்கொண்டிருந்த ஒரு சமுதாயம். அதே டிசம்பரில் மௌலானா அபுல் கலாம் ஆஸாத் லக்னோவில் மாநாடு கூட்டி, முஸ்லிம்கள் தனி அரசியல் கட்சிகளைக் கைவிட வேண்டும் என்று அறிவுறுத்தினார்கள். வடக்கே லீகின் கிளைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கலைந்தன. 1948 ஜனவரி 30-இல் காந்தியடிகள் சுட்டுக் கொல்லப்பட்டார். வகுப்புவாதம் என்ற சொல்லே அச்சமூட்டிய நாட்கள் அவை.

அந்தத் துயரம் ஆறுவதற்குள், 1948 மார்ச் 10-ஆம் நாள், சென்னை அரசினர் மாளிகையின் பாங்க்வெட் மண்டபத்தில், அதாவது பின்னாளில் ராஜாஜி மண்டபம் என்று பெயர் பெற்ற அதே கட்டடத்தில், கவுன்சில் கூடியது. கலைத்து விடுவதா, தொடர்வதா? கலைத்து விடுவதே எளிது. பாராட்டும் கிடைக்கும், பதவிகளும் வந்திருக்கலாம். தொடர்வது என்று முடிவாயிற்று. இந்திய யூனியன் முஸ்லிம் லீக் பிறந்தது. இஸ்மாயில் சாஹிப் தலைவர். மஹ்பூப் அலி பேக் சாஹிப் செயலாளர்.

எண்ணி இருபத்து நான்கே நாட்களில், ஏப்ரல் 3-ஆம் நாள், டில்லியில் அரசியலமைப்பு அவை சட்டமன்றமாகக் கூடியிருந்தபோது அனந்தசயனம் ஐயங்கார் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. வகுப்பு அடிப்படையிலான அமைப்புகள் சமயம், பண்பாடு, சமூகம், கல்வி போன்ற பணிகளைத் தவிர வேறெதிலும் ஈடுபட இடம் தரக் கூடாது என்பது அதன் சாரம். பிறந்து ஒரு மாதமும் ஆகாத குழந்தைக்கு இது எப்படிப்பட்ட வரவேற்பு என்று நினைத்துப் பாருங்கள். 

தனிக் கட்சி வேண்டுமா, வேண்டாமா என்பதில் அன்றும் நம்மவரிடையே இரு கருத்து இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆஸாத் அவர்கள் சொன்னதிலும் ஒரு நியாயம் உண்டு. சிறுபான்மை தனித்து நின்றால் பெரும்பான்மையின் அச்சத்தை வளர்க்கும் என்ற எச்சரிக்கையைப் புறந்தள்ளிவிட முடியாது. ஆனால் காயிதே மில்லத் அவர்கள் நடத்திய கட்சி அந்த அச்சத்தை வளர்த்ததா என்பதைத்தான் பார்க்க வேண்டும். இந்த நாட்டின் சட்டத்திற்குள், தேர்தல் என்னும் முறைக்குள், திறந்த கதவுகளுக்கு முன்னால் அது செயல்பட்டது. ஒரு சமுதாயம் தன் மனக்குறையைத் தெருவில் கொட்டாமல் சபையில் கொண்டுபோய் வைக்கப் பழகிற்று என்றால், அந்தப் பழக்கம் அவர்களிடமிருந்து வந்தது என்பதே என் எண்ணம்.

அரசியலமைப்பு அவையில் அவர்கள் ஆற்றிய உரைகள் அச்சில் கிடைக்கின்றன. படித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? மூன்று நாட்களை மட்டும் இங்குக் குறிப்பிடுகிறேன்.

முதலாவது 1948 நவம்பர் 23. நாடு முழுமைக்கும் ஒரே உரிமையியல் சட்டம் கொண்டுவர அரசு முயல வேண்டும் என்ற நெறிமுறை விவாதத்துக்கு வந்த நாள். எந்தச் சமூகத்தாரும் தமக்கெனத் தனிச் சட்டம் வைத்திருப்பின் அதைக் கைவிடுமாறு கட்டாயப்படுத்தப்படலாகாது என்று ஒரு வாசகத்தைச் சேர்க்க வேண்டும் எனத் திருத்தம் கொடுத்தவர் இஸ்மாயில் சாஹிப் அவர்கள். சமய வாழ்வின் ஒரு பகுதியாக ஒரு மக்கள் கூட்டம் தலைமுறைகளாகப் பின்பற்றிவரும் முறையில் மதச்சார்பற்ற அரசு கைவைக்கக் கூடாது என்பது அவர்களுடைய வாதம். யூகோஸ்லாவிய நாட்டில் முஸ்லிம்களுக்கு இத்தகைய உறுதி அளிக்கப்பட்டிருந்ததையும் எடுத்துக் காட்டினார்கள். சென்னையிலிருந்து சென்ற போக்கர் சாஹிபும் மஹ்பூப் அலி பேக் சாஹிபும் உடன் நின்றார்கள். கே.எம். முன்ஷியும் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும் மறுத்துப் பேசினர். 

டாக்டர் அம்பேத்கர் பதிலளித்தபோது, வட மலபாரில் முஸ்லிம்களும் மருமக்கத்தாய முறையைப் பின்பற்றிய செய்தியை எடுத்துப் போட்டு, ஷரீஅத் சட்டம் எங்கும் எக்காலத்தும் ஒரே சீராக நடந்ததில்லை என்று வாதிட்டார். நமக்குச் சற்றுச் சங்கடமான உண்மைதான், மறைப்பதற்கில்லை. திருத்தம் தோற்றது. ஆயினும் அந்த விவாதத்தின் விளைவாக அம்பேத்கர் ஒரு சொல்லைப் பதிவு செய்து வைத்தார்: வருங்கால நாடாளுமன்றம் அத்தகைய சட்டத்தை, அதற்குக் கட்டுப்பட விரும்புவதாக அறிவிப்பவர்களுக்கு மட்டும் பொருந்துமாறு தொடங்கக் கூடும் என்று. இன்றுவரை இப்பொருள் பேசப்படும் போதெல்லாம் அறிஞர்கள் அந்த வரிகளைத் தேடி எடுக்கிறார்கள். தோற்றுப்போன ஒரு திருத்தம்தான் அந்த வரிகளைப் பெற்றுத் தந்தது.

இரண்டாவது 1949 மே மாதம். சிறுபான்மையினருக்கான ஒதுக்கீடு பற்றிய விவாதம். தனித் தொகுதி முறை தொடர வேண்டும் என்று இஸ்மாயில் சாஹிப் அவர்கள் கேட்டார்கள். சர்தார் பட்டேல் மிகக் கடுமையாகப் பதில் சொன்னார். முஸ்லிம் உறுப்பினர்களிலேயே சிலர் எழுந்து, அந்தக் கோரிக்கை வேண்டாம் என்று பேசினார்கள். பிரிவினையின் புண் ஆறாத நேரத்தில் அதைக் கேட்டிருக்க வேண்டுமா என்று எனக்கும் ஒரு தயக்கம் உண்டு. ஆனால் தனித்து விடப்பட்ட அந்த மனிதர் நிலை தடுமாறவில்லை, சினந்து எதிர்ச்சொல் வீசவில்லை என்பதையும் அந்த ஏடுகளே காட்டுகின்றன. தனித் தொகுதியும் போயிற்று, ஒதுக்கீடும் போயிற்று. பொதுத் தொகுதியில் நின்று வெல்லுங்கள் என்பதுதான் இறுதியில் கிடைத்த விடை. அவ்வாறே நின்று வென்றும் காட்டினார்கள். அதைப் பின்னர் சொல்கிறேன்.

மூன்றாவது 1949 செப்டம்பர் 14. ஆட்சிமொழி எது என்று முடிவு செய்த நாள். தமிழ்நாட்டு மேடைகளில் இதைப் பற்றித்தான் மிகுதியாகப் பேசுகிறோம். ஆனால் பாதியைச் சொல்லி மீதியை விட்டுவிடுகிறோம். மொழியின் பழைமையே தகுதிக்கு அளவுகோல் என்றால், இந்த மண்ணில் முதலில் வழங்கியவை திராவிட மொழிகளே. அவற்றுள் தொன்மையும் இலக்கிய வளமும் மிக்கது தமிழே. அதுவே என் தாய்மொழி, அதை நான் நேசிக்கிறேன், அதனால் பெருமையடைகிறேன் என்ற கருத்தை அவையில் எடுத்துரைத்தார்கள். பழைமையை அளவுகோலாக முன்வைத்தவர்களின் வாதத்தை அந்த அளவுகோலைக் கொண்டே மடக்கிய திறமை அது. முஸ்லிம் என்றால் உருதுதான் பேசுவார் என்று எண்ணிக்கொண்டிருந்த வடநாட்டு உறுப்பினர்களுக்கு அன்று ஒரு புதுச் செய்தி கிடைத்திருக்கும். 'எந்த ஊர் நவாப்' என்று கேட்ட எங்கள் வீட்டுப் பெண் இந்த இடத்தில் தலையைக் குனிந்துகொண்டாள்.

1951 செப்டம்பர் 1-ஆம் நாள் இந்திய யூனியன் முஸ்லிம் லீகின் சட்ட விதிகள் சென்னையில் நிறைவேறின. 1952 முதல் 1958 வரை மாநிலங்களவையில் இருந்தார்கள். இந்த ஆண்டுகளிலே சென்னையில் புதுக் கல்லூரி, திருச்சியில் ஜமால் முஹம்மது கல்லூரி, அதிராம்பட்டினத்தில் காதிர் முகைதீன் கல்லூரி, உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி என்று தமிழக முஸ்லிம்களின் கல்விக்கூடங்கள் எழுந்தன. அவற்றைக் கட்டிய பெருமை அந்தந்த ஊர் வள்ளல்களுக்கே உரியது. ஆனால் செல்வர்களின் கவனத்தைக் கல்வியின் பக்கம் திருப்பிக்கொண்டே இருந்த குரல்களில் இவர்களுடையதும் ஒன்று.

கேரளத்தின் கதை வேறு. 1960-இல் அங்கே காங்கிரஸோடு கூட்டுச் சேர்ந்து வென்ற லீகுக்கு அமைச்சர் பதவி தர மறுத்துச் சபாநாயகர் பதவியை மட்டும் தந்தார்கள். முதலில் அமர்ந்த சீதி சாஹிப் 1961-இல் வஃபாத்தானார்கள். அடுத்து சி.எச். முஹம்மது கோயாவை அமர்த்தும்போது, லீக் உறுப்பினர் பதவியை விட்டுவிட்டு வர வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். உறவு முறிந்தது. 1962 நாடாளுமன்றத் தேர்தலில் லீக் தனித்து நின்றது. கோழிக்கோட்டில் சி.எச்., மஞ்சேரியில் காயிதே மில்லத். இருவரும் வென்றார்கள்.

மஞ்சேரியை எண்ணிப் பாருங்கள். நெல்லைச் சீமையில் பிறந்து, சென்னையில் வாழ்ந்து, மலையாளம் தாய்மொழியல்லாத ஒருவர். 1962, 1967, 1971 என்று மூன்று முறை தொடர்ந்து அந்த மக்கள் அவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். இறக்கும்போதும் அவர்கள் மஞ்சேரியின் உறுப்பினர்தாம். வாக்குக் கேட்டு வீடு வீடாக வந்த வேட்பாளரல்லர். வேட்புமனுவைக் கொடுத்துவிட்டுச் சென்னை திரும்பிவிடுவார் என்று மலபார்ப் பெரியவர்கள் பெருமையோடு சொல்வதுண்டு. இன்று தெருத்தெருவாக வாகனங்களும் கட்-அவுட்களும் செல்வதைப் பார்க்கும் நமக்கு இது பழங்கதை போலத் தோன்றும்.

1962 இறுதியில் சீனப் படை எல்லையைக் கடந்து வந்தது. அப்போது பிரதமர் நேருவுக்கு எழுதி, தம்முடைய ஒரே மகனைப் போர்ப் பணிக்கு ஏற்றுக்கொள்ளுமாறு தெரிவித்தார்கள் காயிதே மில்லத். கட்சியைக் கலைத்து விடுங்கள் என்று சொன்ன அரசாங்கத்தின் தலைவர் அவர். நாட்டுப் பற்றைப் பற்றி இவர்களிடம் பதினைந்து ஆண்டுகளாகக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பலர். பிள்ளை பெற்ற தாய்மார்களே, தந்தையரே, ஒரே மகன் என்ற சொல்லின் கனம் உங்களுக்குத் தெரியும். நான் விளக்க வேண்டியதில்லை.

1967-இல் தமிழகத்தில் காங்கிரஸ் ஆட்சி மாறியது. அறிஞர் அண்ணா தலைமையிலான தி.மு.க.வும், ராஜாஜியின் சுதந்திராக் கட்சியும் அமைத்த அணியில் முஸ்லிம் லீகும் இருந்தது. அதே ஆண்டில் கேரளத்தில் இ.எம்.எஸ். தலைமையிலான அமைச்சரவையில் லீக் இடம் பெற்றது. சி.எச். கல்வி அமைச்சரானார், 1968-இல் கோழிக்கோடு பல்கலைக்கழகமும், 1969 ஜூன் 16-இல் மலப்புரம் மாவட்டமும் உருவாயின. ஏழாண்டுக்கு முன் நாற்காலி தர மறுக்கப்பட்ட கட்சி அது. இத்தனைக்கும் நடுவில் தலைவர் எந்த அமைச்சர் பதவியையும் ஏற்கவில்லை. குரோம்பேட்டையில் எளிய வாழ்க்கை. மின்சார ரயிலில் சாதாரணப் பயணியாக அமர்ந்து வந்ததைக் கண்ட முதியவர்கள் அதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அவர்களைப் பற்றிய கதைகள் பல உலவுகின்றன. அவற்றுள் சில கூட்டங்களில் சொல்லிச் சொல்லி வளர்ந்தவை. அந்த அலங்காரங்கள் அவர்களுக்குத் தேவையில்லை என்பது என் கருத்து. 1948 மார்ச்சில் அந்த மண்டபத்தில் எடுத்த முடிவும், செவிசாய்க்க மனமில்லாத ஒரு பேரவையில் பேசிய பேச்சுகளும் போதாதா?

1972 ஏப்ரல் 5-ஆம் நாள் சென்னையில் வஃபாத்தானார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். வயது எழுபத்தைந்து. கட்சி வேறுபாடின்றித் தலைவர்கள் வந்து கண்ணீர் சிந்தினார்கள். அடுத்துத் தலைமையேற்ற பாபக்கித் தங்கள் அவர்களும் மறு ஆண்டே மக்காவில் காலமானார்கள். பிறகு வந்த பிளவுகளைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. நீங்களும் அறிவீர்கள்.

திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசல் 1795-இல் ஆற்காட்டு நவாப் குடும்பத்தார் எழுப்பியது. அந்த வளாகத்தில்தான் அவர்களுடைய கப்ரு இருக்கிறது. அருகே அரசு கட்டிய மணிமண்டபம். அல்லாஹ் அவர்களுக்கு மஃபிரத் அருள்வானாக.

சென்ற வாரம் அந்தப் பெண்ணைத் தன் தாயாருடன் அங்கே அனுப்பி வைத்தேன். மணிமண்டபத்தைப் பார்த்து, வெளியே நின்று துஆச் செய்துவிட்டு வந்திருக்கிறார்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் துப்பட்டியைக்கூடக் களையாமல் அவள் கேட்டது இதுதான்: "பெரியத்தா, அந்தச் சபையில் அவங்க பேசினது முழுசும் எந்த லைப்ரரியில் கிடைக்கும்?"